மணிக்கட்டு வரை

படத்தில் எனக்கு முகமில்லை.
ஒப்பந்தத்தில் தெளிவாக எழுதியிருந்தது:
கைகள் மட்டும், மணிக்கட்டு வரை,
ஒன்பது நாள், சாப்பாடு உண்டு.

துவாஸில் ஒரு கிடங்குக்குள்
ஒட்டுப்பலகையால் எழுப்பியிருந்தார்கள்
ஐம்பத்தாறாம் ஆண்டுச் சிங்கப்பூரை.
கேளிக்கைப் பூங்கா, நடன மேடை,
கரித்தூள் பூசிப் பழசாக்கிய ஒரு ரிக்‌ஷா.
மரகதம் அங்கே வயலின் வாசிப்பாள்,
ஐசக் கிளாரினெட்.
காதலிப்பார்கள், அடித்துக்கொள்வார்கள்,
அவன் பினாங்குக்குக் கப்பலேறுவான்,
திரும்பி வருவான்,
மறுபடி அடித்துக்கொள்வார்கள்.

மரகதமாக நடித்த பெண்
வில்லைத் துடைப்பம் பிடிப்பதுபோல் பிடிப்பாள்.
நல்ல பெண்தான்.
அதற்காகத்தான் நான்.
ஐசக்கின் விரல்களுக்கு யார் வருகிறார்கள் என்று
எனக்கு யாரும் சொல்லவில்லை.

முதல் நாள் காலை
கோப்பி ஓ பையைக் கட்டைவிரலில் தொங்கவிட்டபடி
வந்து நின்றான் சகாயம்.

பதினோரு வருடம்.
"இன்னும் இடது தோள் வலிக்கிறதா?"
இல்லை என்றேன். வலித்தது.

ஒப்பனைக்காரி எங்கள் கைகளை
ஒரே மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்து
மாவு தடவினாள்.
அவன் புறங்கையில் பிறைபோல் ஒரு வடு.
"எப்படி வந்தது அங்கிள்?"
"கண்ணாடி டம்ளர்."
யார் எறிந்தது என்று அவள் கேட்கவில்லை.

தேக்கா புளோக்கில் நாலாம் மாடி,
தீபாவளிக் கச்சேரிக்கு முந்தின இரவு.
ஒரு பாட்டின் இரண்டாவது இடையிசையை
எந்த வேகத்தில் எடுப்பது என்று தொடங்கி
அவன் அம்மா வரை போன சண்டை.
பறக்க வேண்டும் என்றான் அவன்.
நடக்கட்டும் என்றேன் நான்.
அதற்குமேல் பேசியதெல்லாம்
அண்டை வீட்டுக்காரர்களுக்கு ஞாபகமிருக்கும்.

அவள் வடுவின்மேல்
இரண்டு பூச்சு பூசினாள்.

இயக்குநருக்கு முப்பது வயதிருக்கலாம்.
"அக்கா, கோபம் விரலில் தெரியணும்.
கொஞ்சம் நடுங்கினாலும் பரவாயில்லை."
நடுக்கத்துக்கு ஒத்திகை தேவைப்படவில்லை.
"எதை வாசித்தாலும் சரி,
ஒலி சென்னையில் வேறு ஆட்கள் சேர்ப்பார்கள்."

ஒன்பதாம் நாள், மழையில் காதலர்கள் சேர வேண்டும்.
தண்ணீர் லாரி வந்து நின்றது.
குழாயைத் திறப்பதற்குள் இடி இறங்கி
நிஜ மழை சாய்வாகக் கொட்டியது.
மின்னல் எச்சரிக்கை, எல்லாரும் உள்ளே.
படத்துக்கு உதவாத மழை என்று
கேமராவை மூடினார்கள்.
தார்ப்பாயின் கீழே நானும் அவனும்,
நடுவே ஒரு மடக்கு நாற்காலி.
யாரும் உட்காரவில்லை.
என் காட்சிகள் முடிந்துவிட்டன.
அவனுக்கு இன்னும் ஒன்று இருந்தது.
நான் பஸ் பிடித்துப் போய்விட்டேன்.

எட்டு மாதம் கழித்து, ஈசூனில்,
செவ்வாய்க்கிழமை மதியக் காட்சி.
அரங்கில் பதினான்கு பேர்.
பினாங்கிலிருந்து திரும்பிய ஐசக்
கிளாரினெட்டை வாயில் வைக்கிறான்.
கைகளுக்கு வெட்டு.
சென்னையின் இசை சிட்டாய்ப் பறக்கிறது.
விரல்கள் பறக்கவில்லை.
ஒவ்வொரு துளையாக மூடித் திறந்து
நிதானமாகப் போகின்றன.
பின்வரிசையில் ஒரு பையன் சிரித்தான்:
"டேய், கையும் பாட்டும் ஒட்டவே இல்ல பாரு."

ஒட்டாதுதான்.
அது வேறு பாட்டு.
அந்த இரண்டாவது இடையிசை,
முதல் சுரத்திலிருந்து கடைசிவரை,
நான் சொன்ன வேகத்தில்.

பூச்சு வியர்வையில் கரைந்து
பிறை பாதி தெரிந்தது.

பெயர்கள் ஓடின.
சாப்பாடு போட்டவருக்கும் கீழே
'கைகள்' என்று ஒரே வரியில் இரண்டு பெயர்.
என் பெயரில் ஒரு எழுத்துப் பிழை.
விளக்கு எரிந்தது.
பெருக்க வந்த அம்மா
காலைத் தூக்கச் சொன்னார்.
தாளம் போட்டுக்கொண்டிருந்த காலைத்
தூக்கிக்கொண்டேன்.